‘ரெண்டு வருஷம் பொறுங்க மாமா, ஹைட்ரஜன் கார் வந்துரும்’: பொறுக்கலாமா?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். வயது 54. கூலிக்கு நெய்யும் 24 தறி, உடுமலை ரோட்டில் கொஞ்சம் தென்னந்தோப்பு. பதினோரு வருடத்து டீசல் கார், 2,30,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, கிளட்ச், இன்ஜெக்டர் என்று இந்த வருடம் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் தின்றுவிட்டது. தினமும் சோமனூர், திருப்பூர், தோப்பு என்று 65 முதல் 75 கிலோமீட்டர் சுற்றுகிறார். மாதம் ஒரு தடவை மகளைப் பார்க்க பெங்களூர். பட்ஜெட் 16 லட்சம். பேட்டரி கார் எடுக்கலாம் என்று ஷோரூம் வரை போய் ஓட்டியும் பார்த்துவிட்டார். அதற்கப்புறம்தான் குழப்பம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மாப்பிள்ளை, “பேட்டரி காரெல்லாம் நடுவுல வந்து நடுவுலயே போயிரும், ரெண்டு வருஷம் பொறுங்க மாமா, ஹைட்ரஜன் கார் வந்துரும், அஞ்சு நிமிஷத்துல ரொப்பிட்டுப் போயிட்டே இருக்கலாம்” என்கிறாராம். வீட்டுக்காரம்மா “பேசாம இன்னொரு டீசலே எடுங்க” என்கிறார். இதற்கு நடுவே கரூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து, பழைய காரிலேயே தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கிட்டு ஒன்றை மாட்டினால் மைலேஜ் இரண்டு மடங்காகும் என்று சொல்லி, 28,000 ரூபாய் கிட்டுக்கு 5,000 அட்வான்ஸும் வாங்கிப் போயிருக்கிறார். வாசகர் கேட்பது இதுதான்: ஹைட்ரஜனுக்குப் பொறுக்கலாமா? பேட்டரி ஐந்து வருடத்தில் போய்விடும், மாற்ற ஏழு லட்சம் ஆகும் என்கிறார்களே, நிஜமா? தோட்டத்து மோட்டார் சர்வீஸில் சார்ஜ் போட்டால் காசே ஆகாதே, செய்யலாமா? கடைசியில் ஒரு வரி: “மாப்பிள்ளை பேச்சைத் தட்டினா மகளுக்குச் சங்கடமுங்க, அதையும் யோசிச்சுச் சொல்லுங்க.”

ஐயா, வணக்கம். அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மாப்பிள்ளை ஒன்றும் தெரியாமல் பேசவில்லை. 2022 மார்ச்சில் நிதின் கட்கரி டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் பார்லிமென்ட்டுக்கே போய் இறங்கினார், எல்லா டிவியிலும் காட்டினார்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் (சூரிய, காத்தாலைக் கரண்ட் மாதிரி சுத்தமான கரண்ட்டில் எடுக்கும் ஹைட்ரஜன்) திட்டம் அறிவித்தது. 2025 ஜூலையில் சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை ஓட்டிச் சோதித்தார்கள். இதையெல்லாம் படிக்கிற பையன் “வந்துரும்” என்று நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது. ஹைட்ரஜன் வரத்தான் போகிறது. ஆனால் உங்கள் வீட்டு போர்ட்டிகோவுக்கு வரும் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முப்பது வருடம் இன்ஜினோடும் மோட்டாரோடும் மாரடித்த வாகன இன்ஜினியர், மூன்று வருடமாக பேட்டரி கார் ஓட்டுகிறேன். அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

முதலில், இரண்டுமே கரண்ட் கார்தான்

ஹைட்ரஜன் கார் என்றால் பெட்ரோலுக்குப் பதில் ஹைட்ரஜனை எரிக்கும் இன்ஜின் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்த நினைப்பு தெரிகிறது. அப்படியும் இன்ஜின் செய்து பார்க்கிறார்கள்தான், ஆனால் மாப்பிள்ளை மனதில் வைத்திருக்கும் டொயோட்டா மிராய், ஹூண்டாய் நெக்ஸோ மாதிரி கார்களில் இன்ஜினே கிடையாது. சக்கரத்தைச் சுற்றுவது மின் மோட்டார். டேங்கில் இருக்கும் ஹைட்ரஜனும் வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஃப்யூவல் செல் என்ற பெட்டிக்குள் சேர்ந்து கரண்ட்டும் தண்ணீரும் ஆகின்றன. கரண்ட் மோட்டாருக்குப் போகிறது, தண்ணீர் கீழே சொட்டுகிறது. மிராயில் அந்தத் தண்ணீரை நிறுத்துமிடத்துக்கு வெளியிலேயே வடித்துவிட எச்2ஓ என்று ஒரு பொத்தான்கூட உண்டு. போதாததற்கு ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் உள்ளே இருக்கிறது.

மோட்டார் பம்ப் செய்து நாட்டுக்கே அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கிணற்று மோட்டார் அதேதான். ஒருவர் ஈபி லைனில் ஓட்டுகிறார், இன்னொருவர் ஜெனரேட்டரைத் தூக்கிவந்து வைத்து ஓட்டுகிறார். ஹைட்ரஜன் கார் என்பது ஜெனரேட்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் பேட்டரி கார்.

நூறு கிலோ நூல் கொடுத்து எத்தனை கிலோ துணி வாங்குவீர்கள்?

இதுதான் ஆணிவேர் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஹைட்ரஜன் நிலத்தடியில் தோண்டினால் கிடைக்கும் கச்சா எண்ணெய் மாதிரி அல்ல, யாராவது செய்து தரவேண்டும். தண்ணீரில் கரண்ட் பாய்ச்சிப் பிரித்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் ஆகும். அப்புறம் அதை 700 பார் அழுத்தத்துக்கு அமுக்க வேண்டும். சிஎன்ஜி சிலிண்டரில் இருப்பது 200 பார், உங்கள் டயரில் இரண்டு சொச்சம், அப்படியென்றால் 700 எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமுக்கவும் குளிரவைக்கவும் சேர்த்து கிலோவுக்கு 60 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவில் கார் 100, நன்றாக ஓட்டினால் 115 கிலோமீட்டர் போகும். பல்லடத்திலிருந்து கிளம்பினால் சங்ககிரி பக்கம் தீர்ந்துவிடும். அதே 60 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றியிருந்தால், சார்ஜ் ஏறும்போது ஆகும் சேதாரம் போக, கார் ஓசூரைத் தாண்டியிருக்கும்.

தறிக்காரர் பாஷையில் சொன்னால், நூறு கிலோ நூல் கொடுத்தால் ஒருவர் எழுபத்தைந்து கிலோவுக்குத் துணி தருகிறார், இன்னொருவர் முப்பது கிலோவுக்குக்கூடத் தருவதில்லை, மீதி வேஸ்ட் பஞ்சு. அந்த இரண்டாவது ஆளிடம் நீங்கள் பாவு கொடுப்பீர்களா? மெஷின் நாளைக்கு முன்னேறினால் இந்தக் கணக்கு மாறிவிடாதா என்று மாப்பிள்ளை கேட்கலாம். கொஞ்சம் மாறும். ஆனால் கரண்ட்டை வாயுவாக்கி, அமுக்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், திரும்பக் கரண்ட் ஆக்குவது என்று நான்கு கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். தரகர்கள் நடுவில் நுழைந்த தேங்காய் வியாபாரம் மாதிரி.

“நம்ம ஊர்க் காத்தாலை கரண்ட் ஆடியில் வீணாகுதே, அதுல எடுக்கலாமே” என்று நீங்கள் எழுதியிருந்தது நல்ல கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் கேத்தனூரிலும் உடுமலையிலும் காத்தாலைகளைச் சுழற்றுகிற வேகம் உங்களுக்கே தெரியும், மார்கழியில் அவை சும்மா நிற்பதும் தெரியும். மிஞ்சுகிற காலத்துக் கரண்ட்டை ஹைட்ரஜனாக்கி வைப்பது நியாயமான யோசனைதான். அப்படி எடுத்ததை உரம் செய்ய, இரும்பு உருக்க, எண்ணெய் சுத்திகரிக்கக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தொழில்களில் பேட்டரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காருக்குத்தான் வேறு நல்ல வழி இருக்கிறதே. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சின்ன பசுமை ஹைட்ரஜன் பிளாண்ட் தொடங்கினார்கள். அந்த ஹைட்ரஜனை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும், பேட்டரி வண்டிகளின் சார்ஜிங் பாயிண்டுக்கும். நான் சிரித்துவிட்டேன்.

ரொப்புவது ஐந்து நிமிடம், பங்க் எங்கே?

ஐந்து நிமிடத்தில் ரொப்பலாம் என்பது உண்மை. மிராயில் 5.6 கிலோ பிடிக்கும், அமெரிக்கக் கணக்குப்படி 640 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இதில் பேட்டரி கார் தோற்கிறது, மழுப்பாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நீங்கள் போய் ரொப்பிக்கொள்ள ஒரு ஹைட்ரஜன் பங்க்கூட இன்று இல்லை, நீங்கள் வாங்கிக்கொள்ளக் காரும் இந்தியாவில் விற்பனைக்கு இல்லை. 2025 மார்ச்சில் மத்திய அரசு சோதனைக்கு அனுமதித்தது நாடு முழுக்க 37 வண்டி, 9 பங்க். 37-ம் பஸ்ஸும் லாரியும்தான், அதில் கார் ஒன்றுகூட இல்லை. நமக்குப் பக்கத்தில் இருப்பது கணவாய்க்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம்–கொச்சி ரூட்.

காசுள்ள ஊர்களில் என்ன ஆயிற்று என்று பார்ப்போம், ஏனென்றால் அவர்கள் நமக்குப் பத்து வருடம் முன்னாலேயே தொடங்கிவிட்டார்கள். மிராய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2014 டிசம்பரில். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கார் வாங்கினால் 15,000 டாலருக்கு ஹைட்ரஜன் இலவசம் என்று கார்டு போட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் சந்தோஷமாகத்தான் ஓட்டினார்கள், கார் நல்ல கார். பிறகு ஹைட்ரஜன் கிலோ 36 டாலர் வரை ஏறியது, நம் காசில் சுமார் 3,000 ரூபாய். கார்டு தீர்ந்தவர்கள் 100 கிலோமீட்டருக்கு அந்தக் காசைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் ஷெல் கம்பெனி அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை மூடிவிட்டது. வேலை செய்யும் பங்குகளிலும் ஒரு நாள் ஸ்டாக் இல்லை, ஒரு நாள் மெஷின் ரிப்பேர். ஏமாந்துவிட்டோம் என்று கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. நார்வேயில் 2019-ல் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்ததும் டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பதையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தன. ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான ஸ்டெல்லான்டிஸ் 2025 ஜூலையில் தன் ஹைட்ரஜன் வண்டித் திட்டத்தையே கைவிட்டது.

2024-ல் உலகம் முழுக்க விற்ற ஹைட்ரஜன் வண்டி பதின்மூவாயிரம் அளவில். பிளக் மாட்டி சார்ஜ் போடும் கார்கள் 1.7 கோடிக்கும் மேல். நம் ஊரில் சிஎன்ஜி கார் வாங்கிவிட்டு பங்க் வருமா வருமா என்று பார்த்திருந்தவர்கள் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். அது சுலபமான வாயு. இது அதைவிடப் பத்து மடங்கு தொல்லை பிடித்த வாயு.

எனவே மாப்பிள்ளை சொல்லும் இரண்டு வருடம் என்பது ஒரு அன்பான ஆசை. பொறுப்பது இலவசம் என்று நினைக்காதீர்கள், இந்த வருடம் பழைய காருக்கு நீங்கள் அழுத எழுபதாயிரம்தான் பொறுப்பதற்கான வாடகை. உங்கள் முன்னால் நிஜமாக இருக்கும் கேள்வி, பேட்டரி கார் எடுப்பதா, இன்னொரு டீசலா என்பதுதான்.

உங்கள் கணக்கு

மாதம் சுமார் 2,000 கிலோமீட்டர் உள்ளூர் ஓட்டம். டீசலில் லிட்டருக்கு 16 கிடைத்தால் 125 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்று போட்டாலும் பதினோராயிரத்து அறுநூறு. பேட்டரி காரில் சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் 285 யூனிட். இங்கே ஒரு திருத்தம்: யூனிட் நாலரை ரூபாய்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு சர்வீஸில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் ஏறும், 8 ரூபாய்க்கு மேல் தொடங்கி 10, 11 என்று போகும். இப்போது இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டில் காருக்காக 570 சேர்ந்தால், அந்தக் கூடுதல் யூனிட்டுக்குச் சராசரியாகப் பத்து ரூபாய் விழும். அப்படியே பார்த்தாலும் மாதம் 2,850தான். மாதம் எட்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாமல் மிச்சம், வருடத்துக்கு ஒரு லட்சம்.

மொட்டை மாடியில் வெயில் சும்மா காய்கிறது என்றால் 3 கிலோவாட் சோலார் போடுங்கள். சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு, ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வரும், அது உங்கள் அன்றாட ஓட்டத்துக்குச் சரியாகப் போகும். கார் பகலில் திருப்பூரில் நிற்குமே என்று கவலைப்பட வேண்டாம், பகலில் லைனுக்குக் கொடுத்ததை ராத்திரி பில்லில் கழித்துக்கொள்வார்கள்.

வரி விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்ன, மின்சாரக் கார் கடனுக்கான ஒன்றரை லட்சம் வட்டிக் கழிவு (வருமான வரிப் பிரிவு 80ஈஈபி) 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்தான், புதுக் கடனுக்குக் கிடைக்காது. ஷோரூமில் யாராவது இன்னும் அதைச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். தொழில் பேரில் கார் எடுத்தால் தேய்மானம் சாதாரணக் காருக்கு 15 சதவீதம், மின்சாரக் காருக்கு 40. இதை ஆடிட்டரிடம் பேசுங்கள். சாலை வரிச் சலுகை வாங்கும் தேதியில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேட்டரி பயம்

ஐந்து வருடத்தில் பேட்டரி போய்விடும் என்பது இன்வெர்ட்டர் பேட்டரி, செல்போன் பேட்டரி பார்த்த பழக்கத்தில் வரும் பயம். கார் பேட்டரிக்கு இங்கே வழக்கமாகக் கொடுக்கும் வாரண்டியே 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். சில மாடல்களுக்கு முதல் உரிமையாளருக்கு அதைவிட நீளமாகவும் தருகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. உள்ளூர் 2,000-ஓடு பெங்களூர் போய்வருவதையும் சேர்த்தால் மாதம் 2,700 ஓட்டுகிறீர்கள், ஐந்து வருடத்தில் 1,60,000 தீர்ந்துவிடும், எட்டு வருடம் என்பது உங்களுக்கு வெறும் பேச்சு. அதனால் கிலோமீட்டர் வரம்பு பெரிதாக உள்ள மாடலையே கேளுங்கள், பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

பேட்டரிக்கு நிஜ எதிரி வெயில். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் பழைய நிசான் லீஃப் கார்களின் பேட்டரி சீக்கிரமே தேய்ந்து வழக்கு வரை போனது, அந்த பேட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடே இல்லை. பல்லடத்துச் சித்திரை வெயிலும் அரிசோனாவுக்கு அக்கா தங்கைதான். எனவே பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் உள்ள காரையே எடுங்கள், நிழலில் நிறுத்துங்கள். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) என்கிற வகை பேட்டரி என்றால் சூட்டையும் நூறு சதவீத சார்ஜையும் இன்னும் நன்றாகத் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. மாப்பிள்ளைக்கு ஒரு தகவல்: ஹைட்ரஜன் டேங்குக்கும் ஆயுள் உண்டு. மிராயின் ரொப்புமிடத்து மூடிக்குள்ளேயே இந்தத் தேதிக்கு மேல் ரொப்பாதே என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தயாரித்து 15 வருடம்.

பெங்களூர்ப் பயணத்தைத்தான் நீங்கள் பெரிதாக நினைக்கிறீர்கள். 45 கிலோவாட் மணி பேட்டரி என்றால் விளம்பரத்தில் 480 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள், ஏசி போட்டு ஹைவேயில் 90-ல் போனால் 280, 300 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முழுசாக ஏற்றிக் கிளம்பி, சேலத்திலோ தர்மபுரி தாண்டியோ டிபன் சாப்பிடும்போது முக்கால் மணி நேரம் மாட்டினால் போதும். திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் பிரேக் தேயத் தேய இறங்கிக்கொண்டிருக்கும், உங்கள் காரில் பிரேக் பிடிக்கும் சக்தியே கரண்ட்டாகி பேட்டரிக்குள் போகும், மீட்டரில் ஒன்றிரண்டு சதவீதம் ஏறுவதைப் பார்க்கலாம். எனக்கு இன்றும் அது ஒரு சின்னப்பிள்ளைச் சந்தோஷம். தொல்லையும் உண்டு, மறைக்கவில்லை: ஒரு பொங்கல் லீவில் நெடுஞ்சாலை சார்ஜரில் எனக்கு முன்னால் மூன்று கார், காரில் மாட்டும் இரண்டு சார்ஜிங் துப்பாக்கியில் ஒன்று வேலை செய்யவில்லை, இரண்டு மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். பண்டிகை நாளில் பெங்களூருக்கு ரயிலில் போங்கள், அல்லது பழைய டீசலை உடனே விற்காமல் ஒரு வருடம் வீட்டில் வைத்திருங்கள். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது, வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு தைரியம்.

தோட்டத்து சர்வீஸில் கை வைக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் “எல்லாரும் செய்யறாங்க” என்று எழுதியிருக்கிறீர்கள். விவசாய சர்வீஸ் தண்ணீர் இறைக்க அரசு இலவசமாகக் கொடுத்தது. அதில் கார் சார்ஜ் போடுவது 2003-ம் வருட மின்சாரச் சட்டப்படி அனுமதி இல்லாத பயன்பாடு. பிரிவு 126-ல் இரட்டிப்புக் கட்டணம் போடலாம், பிரிவு 135-ல் மின்திருட்டு என்றே வழக்குப் போடவும் இடம் இருக்கிறது. பத்து ரூபாய் யூனிட்டுக்குப் பயந்து, அப்பா காலத்தில் வரிசையில் நின்று வாங்கிய சர்வீஸை வம்பில் மாட்டாதீர்கள். தறிக்குடோன் சர்வீஸும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் கொடுத்தது தறிக்கு. குடோன் வாசலில் கார் மாட்டியிருப்பதைப் பார்த்து ஒரு பெட்டிஷன் போட ஆளா இல்லை நம் ஊரில்? வீட்டு சர்வீஸில் மட்டும் போடுங்கள். 7 கிலோவாட் சார்ஜர் மாட்டுவதாக இருந்தால் முதலில் ஈபி ஆபீஸில் லோடு ஏற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நிற்கும் காருக்கு 15 ஆம்பியர் பிளக்கே தாராளம், ஒன்பது மணிக்கு மாட்டினால் காலை ஐந்துக்குள் உங்கள் மறுநாள் ஓட்டத்தைப் போல இரண்டு மடங்கு ஏறிவிடும்.

அந்த ஐயாயிரம்

1996-ல் தண்ணீரில் மூலிகை போட்டால் பெட்ரோல் ஆகும் என்று ஒருவர் சொல்லி, மூலிகைப் பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். தண்ணீர் என்பது ஏற்கனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அடுப்புச் சாம்பல் மாதிரி. அதைத் திரும்ப ஹைட்ரஜனாக்க கரண்ட் வேண்டும், அந்தக் கரண்ட்டைக் கிட்டு உங்கள் ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்கும், ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது டீசல் இன்ஜின். எடுத்ததைவிட அதிகம் திரும்பி வர வழியே இல்லை. மைலேஜ் ஏறிய மாதிரி தெரிந்தால், கிட்டு மாட்டிய ஜோரில் நீங்கள் பொறுமையாக ஓட்டியிருப்பீர்கள். அதைவிட முக்கியம், அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்வது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்கு விரோதம். நாளைக்கு விபத்தோ தீயோ என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் அதைக் காட்டியே கிளெய்மை மறுக்கப் பார்ப்பார்கள்.

அட்வான்ஸ் ஜிபேயில் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள், நல்லது, சாட்சி இருக்கிறது. கிட்டு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்புங்கள், பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். தராவிட்டால் 1915 நுகர்வோர் எண்ணுக்குப் போன் போடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம். ஐயாயிரத்துக்கு இத்தனை அலைச்சலா என்று நினைத்தால் விட்டுவிடுங்கள், ஆனால் மீதி 23,000-ஐக் கொடுத்துவிடாதீர்கள்.

மாப்பிள்ளைக்கு என்ன சொல்வது? அடுத்த தடவை பெங்களூர் போகும்போது வாடகைக்கு ஒரு பேட்டரி கார் எடுத்துப் போய் சாவியை அவர் கையில் கொடுங்கள், வீட்டுக்காரம்மாவையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டட்டும். அப்புறம் அந்த 60 யூனிட் கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் படித்தவர், ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார், தானே கண்டுபிடித்த பதிலை யாரும் தட்டியதாக ஆகாது.

கார் புக் செய்வதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போன சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் என் சகலை வீட்டுக்குப் போனபோது கார் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்றது, சார்ஜரில் சிவப்பு விளக்கு. காரில் ஒரு குறையும் இல்லை. மண் காய்ந்து எர்த் குழி வறண்டு கிடந்தது, எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் தானாகவே நின்றுகொள்ளும். சகலையின் அம்மா இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து குழியில் ஊற்றினார்கள், பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் குழியைத் தோண்டி உப்பும் கரியும் புதுசாகப் போட்டார்கள். உங்கள் வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள், பாதி வீட்டில் அதன் மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள்.